கதவை வெட்டாதீங்க ப்ளீஸ்

உங்க கட்டுரையில, எம்ஜிபிங்கிற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்ல கதவை வெட்டி ஆறரை இஞ்ச் ஸ்பீக்கர் போடலாம்னு எழுதியிருக்கீங்க, படிச்சதும் மனசு கேக்கல. வெட்டின தகரம் திரும்ப வராது, அதுவும் தென்னாப்பிரிக்காவுல எங்க டர்பன் ஊர் கடல்காத்துக்கு வெட்டின ஓரம் சீக்கிரமே துரு புடிச்சிரும். சீட்டுக்குப் பின்னாடி சின்ன பாக்ஸ் செஞ்சு வச்சாலே போதும்.

முக்கியமான ஒன்னு விட்டுப்போச்சு. 1967க்கு முன்னாடி வந்த எம்ஜிபி எல்லாம் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியோட ப்ளஸ் தான் பாடியில இணைச்சிருக்கும், இப்ப கடைல விக்கிற கார் பாட்டு செட் எல்லாம் நெகட்டிவ் எர்த், அப்படியே மாட்டுனா செட்டோட இரும்புக்கூடு டேஷ்போர்டைத் தொட்ட உடனே ஷார்ட் ஆகி ஃபியூஸ் போகும், இல்லன்னா செட்டே போகும். ஓடுறப்போ கரண்ட் தயாரிக்கிற டைனமோவும் 22 ஆம்பியர் அளவுக்குத்தான் குடுக்கும், ராத்திரி ஹெட்லைட்டும் வைப்பரும் ஓடுறப்போ மிச்சம் கொஞ்சம்தான், அதனால பெரிய சப்வூஃபர் (அடிச்சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கர்) ஆசையே வேணாம், கரண்ட் கம்மியா இழுக்கிற சின்ன கிளாஸ் டி ஆம்ப்ளிஃபையர் தாராளம். பேட்டரி சீட்டுக்குப் பின்னாடியே இருக்கு, ஃபியூஸை அது பக்கத்துலயே போடுங்க.

டர்பன் பக்கத்து சாட்ஸ்வொர்த்ல எங்க மாமா அவரோட வண்டியில பழைய ரேடியோ முகத்தை அப்படியே வச்சு உள்ள மட்டும் புளூடூத் போர்டு மாட்டியிருக்கார், கூரையை இறக்கிட்டு எம்4 ரோட்டுல போனாலும் பாட்டு வரி தெளிவா கேக்குது, பாக்கறதுக்கும் அசல் வண்டிதான். எர்த் மாத்துறது பத்தி ஒரு கட்டுரை போடுங்க அண்ணா, இங்க நிறைய பேருக்கு உதவும்.