ஜி.ஆர்.ஈ. திரும்ப எழுதினால் பழைய புள்ளி துரத்தாது

'ஜி.ஆர்.ஈ.யை இரண்டாம் தரம் எழுதினால் பழைய புள்ளியும் சேர்ந்தே போகும், சராசரி பார்த்து விண்ணப்பத்தை ஒதுக்கிவிடுவார்கள்' என்று, வெளிநாட்டில் பட்டமேற்படிப்புக்கு விண்ணப்பிக்க எழுதும் இந்தப் பரீட்சை பற்றி மேலே ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். தவறு. திரும்ப எழுதலாமா என்று கேட்ட தம்பி இதை நம்பிக் கணிதத்தில் எடுத்த 157உடனேயே விண்ணப்பிக்கப் போகிறாராம், அதனால் எழுதுகிறேன்.

பரீட்சையை நடத்தும் ஈ.டி.எஸ். 'ஸ்கோர்செலெக்ட்' என்ற வசதியைத் தருகிறது. எந்த நாளில் எழுதிய பெறுபேற்றைப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்புவது என்பது உங்கள் தெரிவு. அனுப்பாத பெறுபேறு ஒன்று இருப்பதே அந்த அறிக்கையில் தெரியாது. ஆனால் ஒரு நாளின் கணிதத்தையும் இன்னொரு நாளின் மொழிப் பகுதியையும் வெட்டி ஒட்டி அனுப்ப முடியாது. பரீட்சை முடிந்த கையோடு நான்கு இடங்களுக்கு இலவசமாக அனுப்பும்போது, 'அண்மையது', 'எல்லாம்' என்ற இரண்டு தெரிவுகள்தான் திரையில் வரும். களைப்பில் 'எல்லாம்' என்பதை அழுத்திவிட்டு வந்த யாரோ ஒருவரின் கதைதான் யாழ்ப்பாணம் முழுக்கச் சுற்றுகிறது போலும்.

உயர்தரப் பரீட்சைக்குச் சொல்லும் 'மூன்று முறைதான்' என்ற கணக்கும் இங்கே செல்லாது. 21 நாள் இடைவெளி விட்டு, 12 மாதத்துக்குள் 5 முறை வரை எழுதலாம். பெறுபேறு 5 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும்.

திரும்ப எழுதத்தான் வேண்டுமா என்பது வேறு கேள்வி. கட்டணமே 200 டொலருக்கு மேல். தம்பி, முதலில் நீங்கள் விண்ணப்பிக்கும் துறையின் இணையப் பக்கத்தைப் பாருங்கள். பல துறைகள் ஜி.ஆர்.ஈ. கேட்பதையே விட்டுவிட்டன. கேட்கும் துறை என்றால், பொறியியலுக்கு 170க்கு 157 என்பது குறைவுதான். எழுதுங்கள்.