டெப்ரா ஏன் கத்துகிறாள்?

'எவ்ரிபடி லவ்ஸ் ரேமண்ட்' என்ற அமெரிக்கச் சிரிப்புத் தொடரில் ரேமண்டும் மனைவி டெப்ராவும் ஒரு வீட்டில், அவன் தாய் மரீயும் தகப்பன் பிராங்கும் தெருவின் எதிர்ப்பக்கத்தில். அதைப் பற்றிக் கதை எழும்பினால் கொழும்பில் உடனே இரண்டு கட்சி. "பாவம் அந்த மாமி, சமைச்சுக் கொண்டுவந்து குடுக்கிறா, அதுக்கும் இந்தப் பெட்டை கத்துது" என்று ஒரு பக்கம். "ரேமண்டைப் போல ஒரு மனுசனோடை நீங்கள் ஒரு கிழமை இருந்து பாருங்கோ" என்று மற்றப் பக்கம். இப்போது மூன்றாவதாகவும் ஒரு கூட்டம்: இதில் ஒருத்தர்கூட நல்லவர் இல்லை, இதையெல்லாம் இனிப் பார்க்கவே கூடாது என்பவர்கள். வெள்ளவத்தையில் மகன் ஒரு தொடர்மாடியிலும் பெற்றோர் அதே ஒழுங்கையின் எதிர்ப்பக்கத்திலும் இருக்கிற குடும்பங்கள் எத்தனையோ. நியூயோர்க்கின் லோங் ஐலண்டில் நடக்கிற கதைக்கு இங்கே இவ்வளவு சூடு பிறப்பதில் ஆச்சரியம் இல்லை.

நியாயம் டெப்ராவின் பக்கம்தான் என்பது என் முடிவு. ஆனால் எழுதியவர்கள் அவளுக்கு நியாயத்தைக் கொடுத்துவிட்டுப் பகிடியை மற்றவர்களுக்குப் பங்கிட்டுவிட்டார்கள். பார்க்கிறவர்களுக்கு அவள்மேல் வருகிற எரிச்சல் அங்கேயிருந்துதான் வருகிறது.

விளம்பரம் போக ஓர் எபிசோட் ஏறத்தாழ 22 நிமிடம். ஸ்ரூடியோவில் ஆட்களை இருத்தி, அவர்கள் முன்னால் நடித்துப் படம்பிடித்த தொடர் இது. சிரிப்பு எழுந்தால் நடிகர் நின்று, அது அடங்கியபிறகுதான் அடுத்த வசனத்தைச் சொல்வார். ஒரு காட்சியை எடுத்து, யாருக்காக அந்த நிறுத்தம் விழுகிறது என்று எண்ணிப் பாருங்கள். டெப்ரா ஒரு கேள்வி கேட்கிறாள். ரேமண்ட் முனகுகிறான்: சிரிப்பு. மரீ தேன் தடவிய குரலில் ஒரு குத்துக் குத்துகிறார்: சிரிப்பு. பிராங்க் ஒற்றை வரியில் ஏதோ சொல்கிறார்: பெரிய சிரிப்பு. டெப்ராவின் கேள்வி பதில் இல்லாமல் அப்படியே கிடக்கிறது. அதையே மூன்றாம் தரம் கேட்கும்போது குரல் உயராமல் என்ன செய்யும்? அந்த உயர்ச்சியை அளந்து நடித்ததற்குத்தான் டெப்ராவாக வந்த பற்றீஷியா ஹீற்றனுக்கு 2000, 2001 இரண்டு வருடமும் அமெரிக்கத் தொலைக்காட்சியின் எமி விருது கிடைத்தது. தலைப்பிலேயே பெயர் இருக்கிற ரேமண்டாக வந்த ரே ரொமானோவுக்கு இந்தத் தொடரில் நடித்ததற்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று, 2002இல்.

கைபேசியில் வெட்டுத் துண்டாகப் பார்க்கிற பழக்கம் இதை இன்னும் கெடுத்துவிட்டது. இரண்டு நிமிடத் துண்டுக்கு வெட்டி எடுக்கப்படுவது வெடிக்கிற இடம் மட்டும்தான். அதற்கு முந்திய பத்து நிமிடத்தில் ரேமண்ட் சொன்ன பொய்யும், அதை மறைக்கச் சொன்ன இன்னொரு பொய்யும் அதில் இருக்காது. காரணம் வெட்டுப்பட்டுப்போனால் மிஞ்சுவது கத்தல். துண்டுகளை மட்டும் பார்த்துவிட்டு டெப்ராவுக்குத் தீர்ப்பு எழுதுகிறவர்களோடு எனக்கு உண்மையிலேயே கோபம்.

இந்தக் கட்சி பிரியலைத் தொடரே ஒருமுறை எபிசோடாக்கியும் இருக்கிறது. நான்காம் சீசனில் 'த கேன் ஓப்பனர்'. டெப்ரா புதுவிதமான ரின் வெட்டி ஒன்று வாங்கிவருகிறாள். ரேமண்டுக்கு அதைப் பாவிக்கத் தெரியவில்லை, சண்டை. பிறகு இரண்டு பேரும் தத்தம் பக்கத்தைச் சொல்ல, அதே சண்டை இரண்டு தரம் நடிக்கப்படுகிறது. அவன் சொல்லும்போது அவன் பூனைக்குட்டி, அவள் பேய். அவள் சொல்லும்போது அவள் களைத்துப்போன தாய், அவன் முரடன். அதே குசினி, அதே ரின். இரண்டு தடவையும் குரலின் ஏற்ற இறக்கத்தைக் கவனித்தால் போதும், இரண்டு கட்சியும் எங்கே பிறந்தன என்று விளங்கும்.

பார்க்கிறவர் தன் ஆளைத் தானே தெரிவுசெய்கிறார் என்பதற்குப் பழைய ஆதாரமும் உண்டு. 1971இல் அமெரிக்காவின் சிபிஎஸ் சனலில் தொடங்கிய 'ஆல் இன் த ஃபமிலி' என்ற தொடர் இனவெறி பிடித்த ஆர்ச்சி பங்கரைக் கேலி செய்யத்தான் எழுதப்பட்டது. விட்மார், ரொக்கீச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1974இல் வெளியிட்ட ஆய்வில், முற்சாய்வு கூடியவர்கள் ஆர்ச்சியைத்தான் மெச்சினார்கள், வாக்குவாதத்தில் வெல்கிறவனாகவும் அவனையே கண்டார்கள். மரீயைப் பார்த்து "தங்கமான மாமி" என்று சொல்கிறவர்களையும் நான் அந்தக் கணக்கில்தான் வைப்பேன்.

அதற்காக மரீ வில்லியும் இல்லை. தொடரை உருவாக்கிய பில் றோசன்தால் தன் தாய் தகப்பனுக்கு மாதாமாதம் பழப்பெட்டி வருகிற மாதிரி ஒரு பரிசு ஏற்பாடு செய்ய, இவ்வளவு பழத்தையும் என்ன செய்கிறது என்று அந்த வீடே கலங்கிப்போனது. அதுதான் முதல் எபிசோடில் மரீயின் கலக்கமாக வந்தது. அன்பு இல்லாத ஆளை எழுதுவது சுகம். அன்பையே தொந்தரவாகத் தருகிற ஆளை ஒன்பது சீசனுக்கு எழுதுவதுதான் கடினம், மரீயாக நடித்த டொறிஸ் றொபேட்ஸுக்கு நான்கு எமி சும்மா வரவில்லை.

தொடரின் உச்சம் என்று நான் சொல்வது 2003இல் வந்த 'பகேஜ்'. பயணம் போய் வந்த சூட்கேஸ் மாடிப்படியில் கிடக்கிறது. யார் மேலே கொண்டுபோவது? அவள் எடுக்கட்டும் என்று அவன், அவன் எடுக்கட்டும் என்று அவள். மூன்று கிழமை. அவளைத் தோற்கடிக்க அவன் பெட்டிக்குள் நாறுகிற சீஸை வைக்கிறான். கடைசியில் மரீ, தன் குசினிச் சுவரில் தொங்குகிற அந்தப் பெரிய கரண்டியும் முள்ளுக்கரண்டியும் எந்தப் பழைய சண்டையின் மிச்சம் என்று மருமகளுக்குச் சொல்கிறார். எழுதிய ரக்கர் கோலிக்கு எமி கிடைத்தது. இதில் ஒருவருக்கும் வெற்றி இல்லை. ஐந்தாம் சீசனின் 'த கனிஸ்டர்' இன்னும் துணிச்சல்: மரீயின் டப்பாவைத் திருப்பித் தந்துவிட்டேன் என்று டெப்ரா அடித்துச் சொல்ல, மரீ மன்னிப்பே கேட்டுவிடுகிறார். பிறகு டப்பா டெப்ராவின் வீட்டிலேயே கிடைக்கிறது!

தொடரில் உண்மையான பிழை வேறு இடத்தில் இருக்கிறது. ரேமண்ட் எதையும் கற்றுக்கொள்வதில்லை. 210 எபிசோடிலும் மன்னிப்பு மலிவு, அடுத்த கிழமை எல்லாம் முதலிலிருந்து. மூன்று பிள்ளைகள் இருக்கிற வீட்டில் பிள்ளைகள் தேவைப்படும்போது மட்டும் வந்து போகிறார்கள். பிராங்க் மனைவியை அவமதிப்பதற்கு விழுகிற சிரிப்பு எனக்கு இப்போது காதில் உறுத்துகிறது. இந்தக் குறைகளைச் சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

ரஷ்யாவில் இதைத் திருப்பி எடுத்தார்கள், 'வரோனினி' என்று, அசலைவிட நீண்டகாலம் ஓடியது. இந்தியாவில் 2015இல் ஸ்டார் பிளஸ் 'சுமித் சம்பால் லேகா' என்று எடுத்தது, கெதியாய் முடிந்துபோனது. மாமி மருமகள் சண்டையே சாப்பாடாக இருக்கிற சனலில் ஏன் எடுபடவில்லை? அங்கே பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு வில்லி வேண்டும், அவள் ஒருநாள் தோற்கவும் வேண்டும் என்பது என் ஊகம். தமிழில் யாராவது எடுக்க யோசித்தால்: கிழமைக்கு ஒரு தரம், அரை மணித்தியாலம், அதற்குமேல் இழுக்காதீர்கள். பெற்றோர் மணி அடிக்காமல் உள்ளே வரட்டும். மாமிக்கு மையை அப்பி, முகத்துக்கு மூன்று தரம் கமராவைக் கொண்டுபோகாதீர்கள். மருமகளை அழவைத்து நல்லவளாக்கவும் வேண்டாம். அவள் கத்தட்டும், அவளுக்கும் நாலு நல்ல பகிடி எழுதிக் கொடுங்கள்.