காசநோய் பரம்பரை நோயா?

காசநோய் குடும்ப ரத்தத்தில் வருவது, அதற்கான டிஒய்கே2 என்ற மரபணுவையே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி உண்மை கலந்திருப்பதால் நம்பத்தான் தோன்றும்.

காசநோய் வர அதன் கிருமி உடலுக்குள் போக வேண்டும். அது காற்று வழியாகத்தான் பரவுகிறது. ஒரே வீட்டில் மூன்று பேருக்கு வந்தால், ஜன்னல் சாத்திய அறையில் இருமுகிறவரோடு மாதக்கணக்கில் சேர்ந்து படுத்ததை முதலில் பாருங்கள். மரபணுவின் வேலை அப்புறம்தான். புகுந்த கிருமி யாருக்கு நோயாக முற்றும் என்பதில் அதற்குப் பங்கு உண்டு, அவ்வளவே. டிஒய்கே2 மரபணுவில் சொல்லப்படும் பி1104ஏ (P1104A) என்ற மாற்றம்கூட அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் வந்து இரட்டையாக இருந்தால்தான் ஆபத்தைக் கூட்டுகிறது. கிருமியை அடக்க உதவும் காமா இன்டர்ஃபெரான் என்ற புரதம், அப்படி இரட்டையாக உள்ளவர்களுக்குச் சரியாகச் சுரப்பதில்லை. ஐரோப்பியர்களிலேயே சுமார் 600 பேரில் ஒருவர்தான் அப்படி.

சரிபார்க்க நினைப்பவர்கள் மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் TYK2 P1104A என்று போட்டு, 2018-இல் 'சயன்ஸ் இம்யூனாலஜி' இதழில் வந்த கட்டுரையின் சுருக்கத்தைப் படிக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் காசநோய்ப் பக்கத்தையும் பாருங்கள்: கிருமி தொற்றியவர்களில் வாழ்நாளில் நோயாளி ஆவது 5 முதல் 10 சதவீதம் பேர்தான்.