வீடியோ காட்டினால் குழந்தை சீக்கிரம் பேசுமா?

"ஆறு மாதத்திலிருந்தே தினமும் 2 மணி நேரம் கல்வி வீடியோ காட்டுங்கள், ஒரு வயதில் சரளமாகப் பேசும்" என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

2 வயதுக்குள் திரை வேண்டாம், 2 முதல் 4 வயதுவரை அதிகபட்சம் 1 மணி நேரம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். அதன் இணையதளத்திலேயே பார்க்கலாம். 12–18 மாதக் குழந்தைகளிடம் நடத்தி 2010-இல் வெளியான ஓர் ஆய்விலும், ஒரு மாதம் வீடியோ பார்த்தவர்கள் கூடுதல் சொற்களைக் கற்கவில்லை. பெற்றோர் நேரில் சொல்லிக்கொடுத்த குழந்தைகளே அதிகம் கற்றார்கள்.

காரணம் எளிது. குழந்தை "பா" என்றால் நீங்களும் "பா" என்று சொல்லி, அதன் முகத்தைப் பார்த்துக் காத்திருப்பீர்கள். வீடியோ காத்திருக்குமா? (தாத்தா பாட்டியுடன் வீடியோ காலில் பேசுவது வேறு, அங்கே பதில் வருகிறது.)

அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் இதையும் போட்டுவிடுங்கள்.