ஆபீஸ் போற பேன்ட்லயே சைக்கிள் ஓட்ட முடியணும்

பொண்ணுங்க தினமும் சைக்கிள்ல போயிட்டு வர்றதுக்குன்னு சரியான டிரஸ்ஸே இல்லன்னு எழுதியிருக்கீங்க, நூத்துக்கு நூறு உண்மை. கடையில கேட்டா உடம்போட ஒட்டுற லைக்ரா (நல்லா இழுபடுற துணி) டிரஸ்ஸ எடுத்துக் காட்டுறாங்க, அது ரேஸ் ஓட்டுறவங்களுக்கு, அதப் போட்டுக்கிட்டு மீட்டிங்ல எப்படி உக்கார்றது? சாதாரண பேன்ட்ல பிரச்சன என்னன்னா ரெண்டு காலோட உள்தையல், முன்தையல், பின்தையல்னு நாலு தையலும் ஒரே எடத்துல, கரெக்டா சீட் மேல வந்து சேருது, அரை மணி நேரம் மிதிச்சா உரசி எரிய ஆரம்பிச்சிடும், அந்த எடத்துல டைமண்ட் ஷேப்ல ஒரு துண்டுத் துணி வச்சுத் தச்சா தையல் தள்ளிப் போயிடும், காலும் ஃப்ரீயா மடங்கும். டெய்லருங்களுக்கு தெரிஞ்ச வேலதான் இது. முன்னாடி குனியும்போது இடுப்பு எறங்காம இருக்க பின்பக்கம் கொஞ்சம் ஒசரமா வெட்டணும், அவ்ளோதான். பாக்கெட்டப் பத்தி பேசவே வேணாம், சாவி கூட நிக்காது.

இத்தனைக்கும் 1895லயே லண்டன்ல ஆலிஸ் பைகிரேவ்னு ஒரு தையல்காரம்மா, ஓட்டும்போது பாவாடைய மேல தூக்கிக்கிற மாதிரி கயிறும் கப்பியும் வச்சு செஞ்சு பேட்டன்ட்டே வாங்கியிருக்காங்க (நடக்கும்போது அது சாதா பாவாடை மாதிரியே எறங்கிடும்!). அப்பவே ஒருத்தரால யோசிக்க முடிஞ்சத இவ்ளோ பெரிய கம்பெனிங்க பலதும் இன்னும் செய்யலயேன்னு நெனச்சா கோவமா வருது. நான் என்னோட ரெண்டு பேன்ட்ட பிரிச்சு அந்தத் துண்டு வச்சுத் தச்சு வாங்கிக்கிட்டேன், ஒரு வருஷமா அதுலதான் ஓட்டுறேன், உரசல் சுத்தமா இல்ல.