அந்தக் கடிதம் வரி ஏய்ப்பை நிறுத்தவில்லை

“பிரிட்டன் வரித்துறை ‘பத்தில் ஒன்பது பேர் வரி கட்டிவிட்டார்கள்’ என்று கடிதம் போட்டதுமே ஏய்ப்பு நின்றுவிட்டது, இனி சோதனையே வேண்டாம்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி.

அந்தக் கடிதம் போனது வருமானத்தை மறைத்தவர்களுக்கு அல்ல. கணக்குக் காட்டிவிட்டு, கெடு தாண்டியும் பணம் கட்டாதவர்களுக்கு. ‘கட்டாத மிகச் சிலரில் நீங்களும் ஒருவர்’ என்ற வரியையும் சேர்த்தபோது, கூடுதலானவர்கள் சீக்கிரம் கட்டினார்கள். அவ்வளவுதான். மறைத்த பணத்தை வெளியே கொண்டுவரும் முயற்சியே அல்ல அது.

இப்படிப்பட்ட கடிதம் வருமானத்தை ஒழுங்காகக் காட்ட வைக்குமா என்பதை 1995-ல் அமெரிக்காவின் மினசோட்டா மாநில வரித்துறை சோதித்தது. ‘பெரும்பாலோர் நேர்மையாகக் கட்டுகிறார்கள்’ என்றும், ‘உங்கள் வரி மக்கள் சேவைக்குப் போகிறது’ என்றும் தனித்தனிக் கடிதங்கள். இரண்டுக்கும் சொல்லும்படியான பலன் இல்லை.

மக்கள் வரி கட்ட அரசின் மேல் நம்பிக்கை முக்கியம், மறுக்கவே இல்லை. ஆனால் அது ஒரு கடிதத்தில் வந்துவிடாது. நம்பிக்கைக்குப் பேர்போன டென்மார்க்கையே பாருங்கள்: முதலாளியே அரசுக்குத் தெரிவிக்கும் சம்பளத்தில் ஏய்ப்பு கிட்டத்தட்ட இல்லை, அவரவரே சொல்லும் சுயதொழில் வருமானத்தில்தான் கணிசமாக விடுபடுகிறது.