நெருக்கடிக் காலத்தில் பாரம்பரியச் சங்கம் எதற்கு என்று கேட்டவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தமிழ்ப் பாரம்பரியச் சங்கத்தின் தலைவியான அக்கா மீது ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இரண்டு குறைகள் சொன்னார்கள். வேலையில்லாதவர்கள் நூற்றுக்கு முப்பதுக்கும் மேல் இருக்கும் நாட்டில் நம் முன்னோர் கூலிகளாக வந்த கப்பல்களின் பெயர்ப் பட்டியலையும் பழைய போட்டோக்களையும் கட்டிக்கொண்டு அழ வேண்டுமா என்பது ஒன்று. இந்த நேரத்தில் சங்கத்தை ஓர் ஆண் கையில் கொடுத்திருக்கலாம் என்பது மற்றொன்று. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

நம் பாரம்பரியம் 1860 நவம்பர் 16 அன்று இந்திய ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பலான ட்ரூரோ டர்பனில் வந்து நின்றதோடு முடிந்துவிட்டதா? ஒப்பந்தக் கூலிக்குத் தொடக்கச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். ஒப்பந்தம் முடிந்தபின் இங்கேயே தங்கினால் ஆண்டுக்கு 3 பவுன் வரி. ஆறு மாதக் கூலி அப்படியே போய்விடும். பெண்களையும் அது விட்டுவைக்கவில்லை. 1913இல் டிரான்ஸ்வால் மாகாணத்திலிருந்து எல்லை தாண்டி நேட்டால் மாகாணத்து நியூகாசிலுக்குப் போய், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் இந்த வரியைப் பற்றிப் பேசி வேலைநிறுத்தத்துக்கு அழைத்தவர்கள் பெண்கள். பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். அந்தப் போராட்டத்தில் சிறைக்குப் போய்க் காய்ச்சலோடு வெளியே வந்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தபோது அவருக்கு வயது 16. அந்த ஆண்டே வரி ஒழிந்தது. சோற்றுப் பிரச்சினையும் தன்மானமும் அன்று ஒரே வழக்காகத்தான் இருந்தன. அதற்காகப் பெண்கள் சிறைக்குப் போன ஊரில் ஆண் தலைமை வேண்டுமாம்!

அக்கா என்ன செய்தார்? ஓட்டல் விருந்தை நிறுத்தினார். வேலை இழந்தவர்களுக்குச் சந்தா இல்லை என்றார். மிச்சப்பட்ட பணத்தில் அரிசி, பருப்பு, எண்ணெய்ப் பொட்டலங்கள். வாங்க வந்த ஓர் இளைஞன் கூச்சத்தோடு வாசலிலேயே நின்றான். "உள்ளே வா தம்பி, உங்கள் பாட்டனார் பெயர் என்ன?" என்று உட்காரவைத்து, பட்டியலில் தேடினார். கூலி எண், தகப்பன் பெயர், சேலம் ஜில்லா, வலது முழங்காலில் தழும்பு என்று ஒரு வரி கிடைத்தது. அவன் அதைத் தன் கையாலேயே எழுதிக்கொண்டான். பொட்டலத்தை மட்டும் கொடுத்து அனுப்பியிருந்தால் அவன் மறுபடி வந்திருக்க மாட்டான். இப்போது சனிக்கிழமைதோறும் வந்து பட்டியல்களைக் கணினியில் ஏற்றுகிறான்.

ஒன்றில் மட்டும் அக்காவோடு நான் உடன்படவில்லை. சிக்கனம் என்று சிறுவர் தமிழ் வகுப்பை மாதம் ஒருமுறையாகக் குறைத்தது தவறு. வாடகைதான் தடை என்றால் என் வீட்டு முன்கூடம் இருக்கிறது. பத்துப் பிள்ளைகள் தாராளமாக உட்காரலாம். அடுத்த கூட்டத்தில் இதைக் கேட்கத்தான் போகிறேன். தலைவர் தேர்தலில் என் வாக்கு அக்காவுக்கே.